மரிக்கொழுந்து வந்தால் எந்த ஷீட்டு?

அந்தப் பச்சை ஷீட்டை எடுத்துடாதீங்க தம்பி. எடுக்கணும்னு உங்க மனசு சொன்னா எடுங்க, நான் எதுக்குக் குறுக்கே நிக்கப் போறேன்? ஆனா எடுத்துடாதீங்க. பச்சையைப் பார்த்தா குரங்குக்கு மரம்னு தோணுமாம். எங்க தெருவுல ஒரு வீட்டுல போட்டுட்டு, இப்போ குரங்கு குடும்பத்தோட அங்கேதான் இருக்கு.

கடைக்கார அண்ணாச்சி சாப்பிடப் போயிருக்கார். வீடு கடைக்குப் பின்னாலதான். சாப்பிட்டதும் கொஞ்சம் கண்ணயர்வார். அது வரைக்கும் இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. மாடிக்குக் கூரை போடத்தானே ஷீட்டு? கையில அளவு எழுதின தாளைப் பார்த்ததுமே நெனச்சேன். போன ஆனி மாசம் நானும் இதே மாதிரி ஒரு தாளை மடிச்சு வெச்சுக்கிட்டு இதே இடத்துலதான் நின்னேன்.

நான் கடையில வேலை பாக்கிறவ இல்லை. உலகம்மாள்னு பேரு. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவுல எங்க ஊர். எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடம் போதும்னு சொல்லிட்டாங்க. ஆனா ஷீட்டு விஷயத்துல என்ன சந்தேகம் இருந்தாலும் என்கிட்ட கேளுங்க. அண்ணாச்சியே சில நேரம் என்கிட்டதான் கேப்பார்.

எங்க வீட்டுல முதல்ல ஒழுகினது பூஜை ரூம்ல. சரியா முருகன் தலையில. சாரல் தொடங்கினா சொட்டு சொட்டா விழும். முதல் வருஷம் நான் அதை அபிஷேகம்னு நெனச்சுக் கன்னத்துல போட்டுக்கிட்டேன். ரெண்டாவது வருஷம் பக்கத்துல இருக்கிற பிள்ளையாருக்கும் சொட்ட ஆரம்பிச்சது. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் சமமா நடக்குதேன்னு எனக்குச் சந்தோஷம். மூணாவது வருஷம் தண்ணி ஸ்விட்சு போர்டுல இறங்கிட்டு. எங்க வீட்டுக்காரர் கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். சாமி நனைஞ்சா சும்மா இருப்பார். ஸ்விட்சு நனைஞ்சா சும்மா இருக்க மாட்டார்.

கொத்தனாரைக் கூட்டிட்டு வந்தார். அவர் மாடியைச் சுத்திச் சுத்தி வந்து, "இதுக்கு மேல பூச்சு வேலை நிக்காதும்மா. மாடி முழுக்க ஷீட்டைப் போட்டு மூடிருங்க. வத்தல் காயப்போடலாம், பிள்ளைங்க வந்தா படுத்துக்கலாம்"னார்.

"பிள்ளைங்க வந்தா"ன்னு சொன்னார் பாருங்க, அந்த வார்த்தை எனக்குள்ள போய் உக்காந்துக்கிட்டு.

எனக்கு மூணு பிள்ளைங்க தம்பி. மூத்தவன் செண்பகராமன், ஓசூர்ல கம்பெனியில இருக்கான். நடுவுல பொண்ணு, வடிவு. கோயமுத்தூர்ல கட்டிக் குடுத்திருக்கோம். கடைசிப் பையன் பேரு குற்றாலம், திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. மூணும் தங்கம். ஆனா மூத்தவனும் கடைசியும் மூணு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் கேட்டா சிரிப்பீங்க. சிரிச்சுக்கோங்க, எனக்குத்தான் சிரிப்பு வரலை. மூத்தவன் ஓசூர்ல வீடு கட்டிப் பால் காய்ச்சினான். எல்லாரையும் நிக்க வெச்சு போட்டோ எடுக்கிற நேரத்துல சின்னவனோட செருப்பைக் காணோம். புதுச் செருப்பு. அவன் வாசல்ல கிடந்த அத்தனை செருப்பையும் புரட்டித் தேடிக்கிட்டு இருக்கான், இங்கே போட்டோ எடுத்து முடிச்சிட்டாங்க. அந்தப் போட்டோவைப் பெருசாக்கி ஹால்ல வேற மாட்டிட்டான் மூத்தவன். அதுல பால்காரர் இருக்கார், எலெக்ட்ரீசியன் இருக்கார், கூடப் பிறந்த தம்பி இல்லை.

"எனக்காக ஒரு நிமிஷம் நிக்க முடியலை அவனுக்கு"ன்னு சின்னவன். "வீட்டைவிடச் செருப்புதான் பெருசா அவனுக்கு"ன்னு மூத்தவன். அதோட சரி. தீபாவளிக்கு ஒருத்தன் வந்தா இன்னொருத்தன் வர மாட்டான். வடிவு பாவம், யார் வர்ற வருஷம் வர்றதுன்னு தெரியாம வராமலே இருந்துடுவா. நான் சஷ்டிக்குச் சஷ்டி விரதம் இருந்து முருகன்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு தீபாவளிக்கு மூணும் ஒண்ணா வந்து என் கண்ணு முன்னால நிக்கணும். ஷீட்டு அதுக்கப்புறம்தான்.

சரி, ஷீட்டுக்கு வர்றேன்.

மூத்தவன்கிட்ட போன்ல சொன்னேன். உடனே அவன், "அம்மா, பஃப் ஷீட்டு போடுங்க. வேற எதையும் யோசிக்காதீங்க"ன்னான். அதோ அந்த மூலையில தடியா நிக்குது பாருங்க. ரெண்டு தகரத்துக்கு நடுவுல நுரை மாதிரி ஒண்ணு அடைச்சிருக்கும், கிரீம் பிஸ்கட் மாதிரி. வெயில் கீழே இறங்காது, மழைச் சத்தம் கேக்காது. ஆனா விலை? சாதாரண கலர் ஷீட்டு நாம வீட்டுல கட்டுற சேலைன்னா, பஃப் ஷீட்டு கல்யாணப் பட்டு. அதுக்குப் பக்கத்துலயே போக முடியாது.

சின்னவன்கிட்டயும் சொன்னேன். அண்ணன் பஃப் போடச் சொல்றான்னு சேர்த்துச் சொன்னேன். சொல்லணும்ல? நான் ஒருத்தர் பேசினதை இன்னொருத்தர்கிட்ட போய்ச் சொல்ற பழக்கமே இல்லாதவ. அவன் சொன்னதை இவன்கிட்ட சொன்னேன், அவ்வளவுதான்.

"அவனுக்கு என்ன தெரியும்? ஓசூர்ல குளுரு. நம்ம ஊர் மழைக்குத் துருப்பிடிக்கும். அலுமினியம் போடும்மா. காலத்துக்கும் துரு இல்லை"ன்னான் இவன்.

அதை மூத்தவன்கிட்ட சொன்னேன். உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தம்பி சொல்றான்னு சொன்னேன். சுருக்கமாத்தான்.

"அலுமினியமா? குரங்கு ஒரு குதி குதிச்சா சோத்துத் தட்டு மாதிரி குழிஞ்சிரும்னு சொல்லுங்க அவன்கிட்ட."

வடிவு ரெண்டையும் கேட்டுட்டு, "ரெண்டும் வேண்டாம்மா. ஓட்டு மாடல் போடுங்க. எங்க நாத்தனார் வீட்டுல போட்டிருக்காங்க, தூரத்துல இருந்து பார்த்தா நிஜ ஓடு மாதிரியே இருக்கு"ன்னா. அது தகரம்தான் தம்பி, ஓடு மாதிரி மடிப்பு மடிப்பா அழுத்தி, செங்கல் கலர் அடிச்சிருப்பாங்க. கலர் ஷீட்டைவிடக் கொஞ்சம் கூட, அலுமினியத்தைவிடக் குறைவு. அவளுக்கு நாத்தனார் வீட்டுல இருக்கிறது நம்ம வீட்டுலயும் இருக்கணும். வேற ஒண்ணும் இல்லை.

இப்படியே நான் ஓசூருக்கும் திருப்பூருக்கும் சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் மூத்தவனுக்குக் கோவம் வந்துட்டு. "நீங்க வைங்கம்மா, நானே பேசிக்கிறேன் அவன்கிட்ட"ன்னான். சமையல்கட்டுல அடுப்பை அணைச்சுட்டு பூஜை ரூமுக்கு ஓடினேன். "முருகா, இருந்த உறவும் போச்சே"ன்னு விளக்கை ஏத்தி உக்காந்துட்டேன்.

மூத்தவன் சின்னவனுக்குப் போன் போட்டிருக்கான். மூணு வருஷத்துக்கு அப்புறம் முதல் போன். நல்லாயிருக்கியான்னு கேக்கலை. "ஏலே, அலுமினியம் என்ன கனத்துலலே போடணும்ங்கிறே?"ன்னுதான் எடுத்ததும் கேட்டிருக்கான். சண்டைன்னா சண்டை, அப்படி ஒரு சண்டை. ரொம்ப நேரம் பேசியிருக்காங்க. கடைசியில சின்னவன் போனுக்கு சார்ஜ் இல்லாமப் போய், சார்ஜ் போட்டுட்டு, அவனே திரும்பக் கூப்பிட்டுச் சண்டை போட்டிருக்கான்!

அன்னைக்கு நான் முருகனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வெச்சேன். எங்க வீட்டுக்காரர், "இன்னைக்கு என்ன விசேஷம்?"னார். "பிள்ளைங்க சண்டை போட்டுக்குதுங்க"ன்னேன். அவருக்கு ஒண்ணும் புரியலை. அவருக்கு எதுவுமே சட்டுனு புரியாது தம்பி. கம்பத்துல ஏறி ஏறி அப்படி ஆயிட்டாரோ என்னவோ.

அப்புறம் வடிவு போன்ல ஒரு வாட்சப் குரூப்பு ஆரம்பிச்சா. மாடி ஷீட்டுன்னு பேரு. காலையில கண்ணு முழிச்சா மூத்தவன் ஒரு வீடியோ அனுப்பியிருப்பான், பஃப் ஷீட்டு மேல யானை நிக்கிற மாதிரி. சின்னவன் அதுக்கு ஒரு சிரிக்கிற மூஞ்சி போட்டிருப்பான். வடிவு நாத்தனார் வீட்டு மாடியைப் போடுவா. நான் எதுவும் எழுத மாட்டேன். ரெண்டு கையையும் கும்பிடுற பொம்மை ஒண்ணு இருக்கும்ல, அதை மட்டும் எல்லாத்துக்கும் கீழே போட்டுவிடுவேன்.

ஆடி பிறந்துட்டு. எங்க வீட்டுக்காரர், "சரி, எதையாவது ஒண்ணு சொல்லு. நான் போய் ஆர்டர் குடுத்துட்டு வர்றேன்"னார். எனக்கும் முடிச்சுடணும்னுதான் இருந்தது. ஆனா பாருங்க, அப்போதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மழைச் சத்தம் எப்படி இருக்கும்? கேட்டுப் பாக்காம எப்படி வாங்க?

அண்ணாச்சிகிட்ட வந்து, எல்லா ஷீட்டுலயும் முறம் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கேட்டேன். அவரும் நல்ல மனுஷர், குடுத்தார். மாடியில ரெண்டு ஸ்டூலுக்கு நடுவுல ஒவ்வொண்ணா வெச்சு, அதுக்குக் கீழே நான் குனிஞ்சு உக்காந்துக்கிட்டேன். எங்க வீட்டுக்காரரை நாற்காலி மேல ஏத்தி, பூச்செடிக்கு ஊத்துற பூவாளியால மேலே இருந்து ஊத்தச் சொன்னேன். நான் கீழே கண்ணை மூடி, "முருகா"ன்னு ஒரு தடவை சொல்லிப் பார்ப்பேன். பஃப் ஷீட்டுல "முருகா" முழுசா கேட்டது. ஓட்டு மாடல்ல கடைசி எழுத்து கொஞ்சம் கம்மி. கலர் ஷீட்டுல "முரு" வரைக்கும்தான். அலுமினியத்துல "மு". கலர் அடிக்காத வெள்ளைத் தகரத்துல நான் சாமி பேரைச் சொன்னேனா இல்லையான்னு எனக்கே தெரியலை.

எதிர்வீட்டு மாடத்தி துணி காயப்போட வந்தவ பார்த்துட்டா. "என்ன அண்ணே, தகரத்துக்குத் தண்ணி ஊத்துறீங்க? வளந்துருமா?"ன்னா.

"வளந்தா உங்க வீட்டுக்கும் ஒண்ணு பதியம் போட்டுத் தர்றேன் தாயி"ன்னார் இவர். ஊத்துறதை மட்டும் நிறுத்தலை.

சத்தம் முடிஞ்சுது, சூடு பாக்க வேண்டாமா? வெயில் வந்த அன்னைக்கு ஒவ்வொரு துண்டுக்குக் கீழேயும் ஒரு வெண்ணெய்க் கிண்ணம் வெச்சேன். எது முதல்ல உருகுதுன்னு பாக்கணும். பாக்கிறதுக்கு முன்னாலயே குரங்கு வந்து அஞ்சையும் நக்கிட்டுப் போயிட்டு. பஃப் ஷீட்டுக்குக் கீழே இருந்ததைத்தான் முதல்ல எடுத்ததுன்னு மாடத்தி சொன்னா. அதை எப்படி எடுத்துக்கிடணும்னு எனக்குத் தெரியலை. குரூப்பில போட்டோம். அதுக்கு மூத்தவன் ஒரு அர்த்தம் சொன்னான், சின்னவன் ஒரு அர்த்தம் சொன்னான். ஒரு வாரம் ஓடிட்டு.

நடுவுல நடுவுல நான் அண்ணாச்சிகிட்ட விசாரிச்சது வீண் போகலை தம்பி, கேட்டுக்கோங்க. எந்த ஷீட்டு போட்டாலும் கீழே தாங்குற இரும்புப் பைப்புக் கூட்டுக்கு ஆகிற செலவு ஆகித்தான் தீரும், மேலே போடுற தகரத்தைவிட அதுக்குத்தான் கூட ஆகும். அதனால கொட்டேஷன் வாங்கும்போது, "பைப்பு, வெல்டிங், கூலி எல்லாம் சேர்த்தா, ஷீட்டு மட்டுமா?"ன்னு கேளுங்க. தண்ணி வடியுற வாட்டம் சரியா இருக்கணும். திருகாணிக்குக் கீழே ரப்பர் வாஷர் வைக்கிறாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க. ஒழுகுறது ஷீட்டு இல்லை, திருகாணி ஓட்டைதான். நம்ம பக்கம் ஆடிக்காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும், கனம் குறைஞ்ச ஷீட்டைப் போட்டீங்கன்னா ராத்திரியோட ராத்திரியா பக்கத்து ஊருக்குப் போயிடும். இதெல்லாம் எனக்கு ஆடி பதினெட்டுக்குள்ளயே தெரிஞ்சுட்டு. ஆனா முடிவு மட்டும் வரலை. ஏன்னு எனக்கே தெரியலை.

எங்க வீட்டுக்காரர்தான் சொன்னார். "உலகு, நீயும் முடிவு பண்ண மாட்டே, என்னையும் பண்ண விட மாட்டே. சாமிகிட்டயே விட்டுருவோம். பூக்கட்டிப் பாரு."

பூக்கட்டிப் பாக்கிறது உங்க வீட்டுலயும் உண்டுதானே? ஒவ்வொரு யோசனைக்கு ஒரு பூ. இலையில வெச்சு, வெளியே தெரியாம மடிச்சு நூல் சுத்தி, சாமி முன்னால போட்டு ஒண்ணை எடுக்கணும். எது வருதோ அது சாமி சொன்ன பதில். எனக்கு நல்ல யோசனையாத்தான் பட்டது. குளிச்சு ஈரத்தலையோட உக்காந்து கட்டினேன். மல்லி வந்தா பஃப். செவ்வரளி வந்தா அலுமினியம். செம்பருத்தி ஓட்டு மாடல். நந்தியாவட்டை சாதாரண கலர் ஷீட்டு, இருக்கட்டுமேன்னு வெச்சேன். கடைசியா ஒரு பொட்டலம் மரிக்கொழுந்து.

இவர் கண்ணை மூடிக் கும்பிட்டுட்டு ஒண்ணை எடுத்தார். பிரிச்சா மரிக்கொழுந்து.

"இது எந்த ஷீட்டு?"ன்னார்.

"இது ஷீட்டு இல்லை. இன்னும் கொஞ்சம் விசாரிக்கச் சொல்லி முருகன் சொல்றார்."

இவர் என்னையே பார்த்தார். "அப்படி ஒரு பொட்டலம் எதுக்கு வெச்சே?"

"சாமிக்கு அப்படி ஒரு எண்ணம் இருந்தா, அவர் எப்படித்தான் சொல்லுவார்?"னேன். நியாயம்தானே தம்பி?

இன்னும் கொஞ்சம் விசாரிச்சோம். புரட்டாசி வந்துட்டு. பிள்ளைங்க தினம் பேசுதுங்க. சின்னவனுக்குக் காய்ச்சல்னு எனக்கு முன்னால மூத்தவனுக்குத் தெரிஞ்சிருக்கு, பாருங்களேன். கஷாயம் எப்படி வைக்கிறதுன்னு அவன் சொல்லி, "காய்ச்சல் நின்னதும் அலுமினியப் பைத்தியமும் நிக்கும்"னு எழுதியிருந்தான்.

ரெண்டாவது தடவை பூக்கட்டினேன். இவர் எடுத்தார். மறுபடியும் மரிக்கொழுந்து. நான் கன்னத்துல போட்டுக்கிட்டேன். இவர் மட்டும் மிச்சம் கிடந்த பொட்டலத்தை எல்லாம் ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பார்த்தார்.

எல்லாத்துலயும் மரிக்கொழுந்து.

எனக்கே ஆச்சரியம்தான் தம்பி. அன்னைக்குப் பூக்காரிகிட்ட வேற பூ இல்லைங்கிறது உண்மைதான். இருக்கிறதை வெச்சுக் கட்டினேன். ஆனாலும் அவர் கை வைக்கிற பொட்டலத்துல எல்லாம் அதே வர்றதுன்னா, அதுல ஏதோ இருக்கு இல்லையா?

இவர் பிரிச்ச இலையை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினார். அப்புறம் மெதுவா, "பிள்ளைங்க தினமும் பேசுதுங்களா?"ன்னார்.

"ஆமா. மூணும்."

"ஷீட்டு போட்டாச்சுன்னா?"

"போட்டாச்சுன்னு சொல்லிடுவோம்"னேன். சொல்லிட்டு விளக்குத் திரியைத் தூண்டிவிட்டேன்.

"ம்"னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார்.

அடுத்த வாரம் பாத்தா, வாசல்ல வேன்ல பைப்பு வந்து இறங்குது. பின்னாலயே ஷீட்டு. நீலக் கலர் ஷீட்டு! பஃப் இல்லை, அலுமினியம் இல்லை, ஓட்டு மாடலும் இல்லை. யாருமே கேக்காத சாதாரண ஷீட்டு. "என்னங்க இது?"ன்னு ஓடி வர்றேன், இவர் போனை எடுத்து மூத்தவனைக் கூப்பிட்டார். பிள்ளைங்களுக்கு இவராப் போன் பண்ணினதே கிடையாது. நான் பேசி முடிச்சு நீட்டினா, "நல்லாயிரு"ன்னு சொல்லிட்டுத் திருப்பிக் குடுக்கிற மனுஷர்.

"ராமா, நீலக் கலர் ஷீட்டு போடுறேன். நீ சொன்னதையும் கேக்கலை, உன் தம்பி சொன்னதையும் கேக்கலை. பிடிக்கலைன்னா தீபாவளிக்கு நேர்ல வந்து சொல்லு"ன்னுட்டு டக்குனு வெச்சுட்டார். இதையே திருப்பூருக்கு ஒரு தடவை, கோயமுத்தூருக்கு ஒரு தடவை. அப்புறம் நாற்காலியில உக்காந்து பேப்பரை முகத்துக்கு நேரே விரிச்சுக்கிட்டார். பேப்பர் ஆடுது, ஆடுது, அப்படி ஆடுது. காத்துன்னு நெனச்சேன். அன்னைக்குக் காத்தே இல்லை.

எனக்கு அழுகையே வந்துட்டு. இத்தனை மாசம் விசாரிச்சு, ஒரு வார்த்தை கேக்காம இப்படிப் பண்ணிட்டாரே. பிள்ளைங்க மனசு என்ன பாடுபடும்? குரூப்பில பாத்தா, மூணும் ஒரே குரல்ல. "அப்பா இப்படிப் பண்ணலாமா?"ன்னு மூத்தவன். "அதானே அண்ணே"ன்னு சின்னவன்! அதானே அண்ணே! மூணு வருஷத்துல அவன் எழுதின முதல் அண்ணே. "நேர்ல போய்க் கேக்காம விடக்கூடாது, நான் டிக்கெட் போட்டாச்சு"ன்னு வடிவு. இவங்க அப்பா ஒரே ஒரு ஷீட்டை மாத்திப் போட்டு எல்லாரையும் எதிரியாக்கிட்டார்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன். அவருக்கு விவரம் போதாது தம்பி, நல்லவர்தான்.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம். மூணு பேரும் வந்தாச்சு. பைய வெச்சதும் வைக்காததுமா மாடிக்குத்தான் ஓடுனாங்க. நான் முறுக்குத் தட்டோட பின்னால ஏறினேன். இவர் அங்கே கிடந்த கட்டில்ல சாய்ஞ்சுக்கிட்டு, "என்னடே, எப்படி இருக்கு?"ன்னு கேக்கார்.

"அப்பா, வெயில் எப்படி இறங்குது பாருங்க. பஃப் போட்டிருந்தா..."ன்னு மூத்தவன் தொடங்க, "பஃப்னா கடன்தான் வாங்கணும், அலுமினியம்னா..."ன்னு சின்னவன் தொடங்க, "நாத்தனார் வீட்டுல..."ன்னு வடிவு தொடங்க, வந்தது பாருங்க ஐப்பசி மழை.

அது மழைச் சத்தமா தம்பி? ஆயிரம் பேர் தவலையைக் கவுத்துப் போட்டு அடிச்ச மாதிரி. மூத்தவன் வாய் அசையுது, சின்னவன் வாய் அசையுது, ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்குக் கேக்கலை. இவனுக சண்டையை நிறுத்தலையேன்னு, "முருகா!"ன்னு கத்தினேன். "முரு" என்ன, "மு" கூட என் காதுக்கு வரலை.

அப்போதான் மூத்தவன் படிப்பக்கம் பார்த்தான். படி ஏறுற இடத்துல ஷீட்டு கொஞ்சம் முன்னாலயே நின்னுடும், அங்கேதான் எல்லாரும் செருப்பைக் கழட்டிப் போட்டிருந்தாங்க. சின்னவன் செருப்பு தண்ணியில மிதந்து படியில இறங்கப் போகுது. மூத்தவன் ஒரே ஓட்டமா ஓடினான். உச்சியில இருந்து உள்ளங்கால் வரை நனைஞ்சு, அந்த ரெண்டு செருப்பையும் கையில எடுத்துக்கிட்டு வந்து, தண்ணியை உதறி, தம்பி காலுக்கு முன்னால வெச்சான்.

சின்னவன் செருப்பையே பார்த்துக்கிட்டு நின்னான். அப்புறம் தோள்ல கிடந்த துண்டை எடுத்து அண்ணன் தலையில போட்டு, அவன் காதுக்குள்ள வாயை வெச்சு என்னவோ கத்தினான். மூத்தவன் இவன் காதைப் பிடிச்சு இழுத்து என்னவோ கத்தினான். ரெண்டும் சிரிக்குதுங்க. சத்தம் மட்டும் கேக்கலை. வடிவு போனை நீட்டி ஒரு போட்டோ எடுத்தா. எடுக்கிறதுக்கு முன்னால மூத்தவன் தம்பியோட சட்டைக் காலரைப் பிடிச்சுக்கிட்டான், எங்கேயும் போயிடாம இருக்க. எங்க வீட்டு ஹால்ல இப்போ அந்தப் போட்டோதான். நனைஞ்ச கோழி மாதிரி ரெண்டு தடியங்க, நடுவுல செருப்பு.

அப்புறமா கேட்டேன், "என்னடா சொன்னே அண்ணன் காதுல?"ன்னு. "சத்தத்துல எனக்கே கேக்கலைம்மா"ன்னான். மூத்தவனும் அதையேதான் சொன்னான். பாருங்க, அப்படி ஒரு சத்தம்!

அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். மறந்தும் கலர் ஷீட்டு பக்கம் போகாதீங்க தம்பி. விலை கம்மிதான், ஆனா மழை பெய்தா ஒரு வார்த்தை பேச முடியாது. வசதி இருந்தா மூத்தவன் சொன்ன பஃப் ஷீட்டே போட்டுடுங்க. எங்க வீட்டுக்காரர் மாதிரி அவசரப்பட்டுடாதீங்க. ஆமா, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க? ஒண்ணா? ஒரே பிள்ளைன்னா எந்த ஷீட்டுன்னாலும் இன்னைக்கே முடிச்சுட்டுப் போங்க. கூடப் பிறந்தது இருந்தாத்தான் நாலு இடம் விசாரிக்கணும்.

இதோ, அண்ணாச்சி வந்துட்டார்.

வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா? இல்லை இல்லை, ஷீட்டு நல்லாத்தான் இருக்கு, ஒரு சொட்டு ஒழுகலை. இந்தாங்க, திருமலை முருகன் கோயில் விபூதி, இந்தத் தம்பிக்கும் குடுங்க. ஷீட்டு விஷயமா வரலை. வாசல் கேட்டு போடணும். பழைய கேட்டுக்கு ஒண்ணும் இல்லை, திறக்கும்போது கீச்சுனு ஒரு சத்தம். எண்ணெய் விட்டாப் போதும்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். அவருக்கு என்ன தெரியும்? தீபாவளி முடிஞ்சு பிள்ளைங்களும் வேலை வேலைன்னு இருக்குதுங்க, போன்ல பேசவும் ஒண்ணும் இல்லை. இரும்புக் கேட்டு, ஸ்டீல் கேட்டு, இழுக்கிற மாடல், மடக்குற மாடல்னு என்னவெல்லாம் இருக்கோ, எல்லாத்துலயும் ஒவ்வொரு துண்டு வெட்டிக் குடுங்க.

ஏன் அண்ணாச்சி உக்காந்துட்டீங்க?